பின்பக்கம் பார்க்கும் பயணம்: லண்டனிலிருந்து வியன்னா வரை எட்டு நாள்

நாள் 1. லண்டன், 27ஆம் அறை

மெக்ஸிகோ, குவாத்தமாலா பகுதியின் ஆஸ்டெக், மிஷ்டெக், மாயா மக்கள் செய்த பழைய பொருட்களை ஐரோப்பிய மியூசியங்களிலும் நூலகங்களிலும் பார்த்துக் குறிப்பெடுக்கும் பயணம் இது. பிரிட்டிஷ் மியூசியம் காலை 10 மணிக்குத் திறக்கிறது, கட்டணம் கிடையாது. மெக்ஸிகோ பொருட்கள் இருக்கும் 27ஆம் அறை தரைத்தளத்தில் உள்ளது. கதவு திறந்ததும் நேராக அங்கே போய்விடுவது நல்லது. சுற்றுலாக் குழுக்கள் வரத் தொடங்கினால் ஒரு பெட்டியின் முன்னால் ஐந்து நிமிடம் நிற்பதே பெரும்பாடு. வெள்ளிக்கிழமை இரவு 8.30 வரை திறந்திருக்கும். வேலை செய்ய அந்தக் கடைசி இரண்டு மணி நேரம் மிகத் தோதானது. மெக்ஸிகோவின் தியோடோரோ கொன்சாலெஸ் தெ லியோன் என்ற கட்டடக் கலைஞரின் பங்களிப்போடு 1994இல் திறந்த அறை இது. அறை இருட்டாகவும் பொருள்மீது மட்டும் வெளிச்சமாகவும் இருக்கும். கண் பழகுவதற்குள் குறிப்பெடுக்கத் தொடங்கினால் நிறங்கள் தப்பாகப் பதிவாகும். பத்து நிமிடம் சும்மா நின்றுவிட்டுப் பிறகு நோட்டைத் திறக்க வேண்டும்.

முதல் நாள் முழுவதையும் ஒரே பொருளுக்குக் கொடுத்தோம்: டர்காய்ஸ் என்ற நீலப்பச்சைக் கல் பதித்த இருதலைப் பாம்பு. அகலம் சுமார் 43 சென்டிமீட்டர், உயரம் சுமார் 20. உள்ளே இருப்பது மரம். அதை ஆங்கிலத்தில் ஸ்பானிய செடார் என்பார்கள். தமிழில் தேவதாரு என்று எழுதிவிட்டால் பிழையாகிவிடும். செட்ரேலா ஒடோராட்டா என்னும் இந்த மரம் நம் வேம்பும் மகாகனியும் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது. அதன்மேல் சுமார் 2,000 டர்காய்ஸ் துண்டுகள். வாயோரத்துச் சிவப்பு முட்சிப்பியின் ஓடு, பற்களின் வெள்ளை சங்கு. ஒட்டியது பிசின் கொண்டு. பைன் மரப் பிசினும் கோபல் என்ற மெக்ஸிகோ குங்கிலியமும் இந்த வகைக் கல்பதிப்புகளில் ஆய்வகத்தில் அடையாளம் காணப்பட்டுள்ளன. வாயைச் சுற்றிய பிசினில் செங்காவி போன்ற இரும்புத் தாதுவைக் கலந்து சிவப்பாக்கியிருக்கிறார்கள். கண்குழிகள் இன்று வெறுமையாக இருக்கின்றன. அவற்றில் தேன்மெழுகின் சுவடு உண்டு. பளபளப்பான பைரைட் கற்கள் அதில் பதிந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

எல்லோரும் முன்பக்கத்தைப் படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பெட்டியைச் சுற்றிப் பின்னால் போய்க் குனிந்து பாருங்கள். தலைகள் இரண்டும் இருபுறமும் கல் பதித்தவை, உடலின் பின்பக்கமோ வெறும் மரம், எடை குறையக் குடைந்தெடுத்தது. ஒருகாலத்தில் அங்கே பொன்பூச்சு இருந்திருக்கிறது. இப்போது மிச்சம் மட்டுமே. மார்பில் அணிந்திருக்கலாம், கோலில் ஏந்தியிருக்கலாம் என்று பல கருத்துகள் உண்டு. அவற்றில் எதைப் பேசுவதானாலும் சான்று தேட வேண்டிய இடம் இந்தக் குடைவுதான்.

கல் எங்கிருந்து வந்தது என்பதிலும் ஒரு திருத்தம் உண்டு. அமெரிக்காவின் தென்மேற்கிலிருந்து வணிகர் சுமந்து வந்த கல் என்றே பல பத்தாண்டுகளாக எழுதிவந்தார்கள். ஈயம், ஸ்ட்ரான்சியம் ஐசோடோப்புகளை அளந்து 2018இல் வெளியான ஆய்வு, சோதித்த ஆஸ்டெக், மிஷ்டெக் டர்காய்ஸ் துண்டுகள் மெசோஅமெரிக்காவின் (மெக்ஸிகோ முதல் நடு அமெரிக்கா வரையிலான நிலப்பகுதி) கல்லோடுதான் பொருந்துகின்றன என்று காட்டியது. பழைய புத்தகங்களை வைத்துக் குறிப்பெழுதுபவர்கள் இந்த இடத்தில் கட்டாயம் தேதி பார்க்க வேண்டும்.

நாள் 2. லண்டன், எண்களோடு ஒரு நாள்

காட்சியில் இருப்பது கையளவு. மீதி கிடங்கில். கிடங்குக்குள் போக வழி பதிவு எண் ஒன்றுதான். “மாயா பானைகள் பார்க்க வேண்டும்” என்று கடிதம் எழுதினால் எந்த மியூசியத்திலும் வேலை நடக்காது.

நேற்றைய பாம்பின் எண்ணை எடுத்துக்கொள்வோம். முதலில் அமெரிக்கப் பிரிவைக் குறிக்கும் ஏ, எம் என்ற இரண்டு ஆங்கில எழுத்து, ஒட்டி 1894, பிறகு காற்புள்ளி, சிறுகோடு, புள்ளி, 634. இடையில் வரும் அந்தக் குறிகள் அலங்காரம் கிடையாது, எண்ணின் பாகம். ஒன்றை விட்டால் வேறொரு பொருளின் எண்ணாகிவிடலாம். கையால் எழுதிக்கொள்ளாமல் மியூசியத்தின் இணையப் பட்டியலிலிருந்து அப்படியே நகலெடுப்பது நல்லது.

நடுவில் வரும் எழுத்துகளையும் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். டெஸ்கட்லிபோகா தெய்வத்தின் முகம் என்று கருதப்படும் கல்பதித்த மண்டையோட்டின் எண்ணில் எஸ், டி என்ற எழுத்துகளும் 401உம் வரும். ஹென்றி கிறிஸ்டி என்பவரின் சேகரிப்புக்கு 1862இல் ஸ்டைன்ஹவர் தயாரித்த பட்டியலின் வரிசை அது. அந்த இரண்டு எழுத்தைப் பார்த்ததும் இந்தப் பொருள் 1862க்குள் கிறிஸ்டியின் கைக்கு வந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். கியூ என்ற எழுத்து வந்தால் எச்சரிக்கை: பொருள் மியூசியத்தில் இருக்கிறது, பழைய பதிவோடு அதைச் சேர்க்க முடியவில்லை, ஆகவே பின்னாளில் புதிதாக எண் கொடுத்தார்கள் என்று பொருள். பாம்பு சுற்றிய டர்காய்ஸ் முகமூடிக்கே 1987ஆம் ஆண்டின் கியூ வரிசை எண்தான். 1987இல் வாங்கியது என்று அதைப் படித்துவிட்டால் எழுதும் கட்டுரையின் அடித்தளமே சரிந்துவிடும்.

விண்ணப்பத்தைக் குறைந்தது ஆறு வாரம் முன்பே அனுப்பிவிட வேண்டும். அதில் இருக்க வேண்டியவை: பதிவு எண்கள், ஒவ்வொரு பொருளிலும் எதைப் பார்க்கப் போகிறோம், எடுக்கும் அளவுகள், படம் எடுப்போமா, இரண்டு மூன்று மாற்றுத் தேதிகள். ஒரு நாளுக்குப் பத்துப் பொருளுக்கு மேல் கேட்கக் கூடாது. சிறிய சுடுமண் உருவம் ஒன்றை ஒழுங்காகப் பதிவுசெய்ய நாற்பது நிமிடம் ஆகும்; முப்பது எண் கேட்டுவிட்டு மாலையில் அவசரமாக அளந்தால் கடைசிப் பத்தின் அளவுகளை நம்ப முடியாது. அமெரிக்கப் பொருட்களின் காப்பாட்சியருக்கு நம் கேள்வி தெளிவாகப் புரிந்துவிட்டால், நாம் கேட்காத ஒரு தட்டையும் அவரே இழுத்துக் காட்டுவார். பயணத்தில் கிடைக்கும் பெரிய லாபம் அதுவே.

எடுத்துச்செல்ல வேண்டியது: பென்சில் (பேனா கூடாது), பிளாஸ்டிக் வெர்னியர் (உலோகம் கல்லையும் பூச்சையும் கீறும்), 10 மடங்கு லென்ஸ், சிறிய எல்இடி டார்ச், 5 சென்டிமீட்டர் அளவுகோல் துண்டு, நிற அட்டை. இறகு, தோல், மரம் என்றால் நைட்ரைல் கையுறை கட்டாயம். பொருளைக் காப்பதற்கு மட்டும் என்று இதை நினைத்துவிட வேண்டாம். 19ஆம் நூற்றாண்டில் பூச்சி அரிக்காமலிருக்க இத்தகைய பொருட்களுக்கு ஆர்செனிக், பாதரச உப்பு போன்றவற்றைப் பூசினார்கள். அந்த நஞ்சு இன்னும் அங்கேயே இருக்கலாம். கையுறையோடு முகத்தைத் தொடாமலிருப்பது முக்கியம், வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

மேசைமேல் பொருள் வந்ததும் எதை முதலில் செய்வது? தொடாமல் நான்கு பக்கமும் பார்த்து, பிறகு அடிப்பகுதியைக் கேட்பது. அடியில் பெரும்பாலும் மையால் எழுதிய பழைய எண்கள் இருக்கும், சில சமயம் இரண்டு மூன்று. ஒன்று இந்த மியூசியத்தினுடையது, மற்றது முன்னாள் சேகரிப்பாளருடையது, இன்னொன்று ஏலக்கடையின் லாட் எண். மூன்றையும் படம் எடுத்துவிட வேண்டும். காகித ஒட்டு பாதி கிழிந்திருந்தால் கிழிந்த விளிம்போடு எடுப்பது நல்லது. மீதிப் பாதி வேறொரு பொருளின் அடியில் கிடைத்த சந்தர்ப்பங்கள் உண்டு.

நாள் 3. லண்டன், வாசலின் மேல்கல்

மறுபடியும் 27ஆம் அறை. மெக்ஸிகோவின் சியாபாஸ் பகுதியில் உசுமசிந்தா ஆற்றங்கரையில் இருக்கும் யஷ்சிலான் என்ற மாயா நகரத்தின் லிண்டல்கள், அதாவது வாசல்களின் மேல்கற்கள், இங்கே இருக்கின்றன. 24ஆம் எண் லிண்டலைப் பார்த்துக்கொண்டே நாள் முழுக்க நிற்கலாம். உயரம் 109 சென்டிமீட்டர், அகலம் 78, சுண்ணாம்புக்கல். அரசி கபல் ஷோக் மண்டியிட்டு, முள் கோத்த கயிற்றைத் தன் நாக்கில் துளையிட்டு இழுக்கிறாள். கயிற்றின் நுனி, ரத்தத் துளி பட்ட காகிதம் இருக்கும் கூடையில் விழுகிறது. அரசன் இட்சம்நாஜ் பாலாம் எரியும் பந்தத்தை அவள்மேல் பிடித்திருக்கிறான். அவள் மேலாடையின் நெசவைப் பாருங்கள்: சாய்சதுரக் கட்டங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சிறு வடிவம், ஓரத்தில் குஞ்சம். தறி தெரிந்த ஒருவர்தான் கல்லில் இப்படிச் செதுக்கியிருக்க முடியும் என்று தோன்றுகிறது. நீலமும் சிவப்பும் ஆங்காங்கே இன்னும் ஒட்டியிருக்கின்றன.

இந்தக் கல்லைச் சுவரில் நிறுத்தி மாட்டியிருக்கிறார்கள். அதன் இயல்பான இருப்பு அப்படி இல்லை. 23ஆம் கட்டடத்தின் வாசலுக்கு மேல் படுக்கையாக, செதுக்கிய முகம் கீழே பார்க்கும்படி இருந்தது. உள்ளே நுழைபவர் அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும், வெளிச்சமும் தரையில் பட்டுக் கீழிருந்து வந்திருக்கும். ஆகவே மேலே இருக்கும் விளக்கில் எடுத்த படத்தை மட்டும் நம்பினால் புடைப்பின் ஆழம் தலைகீழாக ஏமாற்றும். காட்சியறையில் ஸ்டாண்டு கூடாது. கிடங்கில் அனுமதி கிடைத்தால் டார்ச்சைக் கல்லின் பரப்புக்குப் பத்துப் பதினைந்து டிகிரி சாய்வில் வைத்து நான்கு திசையிலிருந்தும் தனித்தனியாகப் படம் எடுக்க வேண்டும். கல்வெட்டு மைப்படி எடுத்துப் பழகியவர்களுக்கு இது உடனே புரியும்: தேய்ந்த கோடு நேர் வெளிச்சத்தில் மறையும், பக்க வெளிச்சத்தில் எழும்.

பிரிட்டிஷ் ஆய்வாளர் ஆல்ஃபிரட் மோட்ஸ்லி யஷ்சிலானுக்குப் போனது 1882இல். கல் பிரிட்டனுக்கு வந்தது 1883இல். காட்டு வழியில் சுமப்பதற்காகப் பின்பக்கத்தைச் செதுக்கி மெல்லியதாக்கினார்கள். கட்டடத்தோடு கல் எப்படிப் பொருந்தியிருந்தது என்ற சான்றில் ஒரு பகுதி அந்தச் சில்லுகளோடு போய்விட்டது. பதிவு எண்ணில் இருப்பதோ 1923. நேற்றுச் சொன்ன எச்சரிக்கை இங்கேயும் பொருந்தும்: எண்ணில் வரும் ஆண்டு, பதிவேட்டில் ஏறிய ஆண்டு.

இனி தேதி. பலர் தடுக்கி விழும் இடம் இது, பொறுமையாகப் போவோம். கல்லில் இருப்பது “5 எப் 15 மாக்” என்ற சுழற்சித் தேதி. 260 நாள் கணக்கும் 365 நாள் கணக்கும் சேர்ந்து சுழல்வதால் இதே பெயர் 18,980 நாளுக்கு ஒருமுறை, ஏறக்குறைய 52 ஆண்டுக்கு ஒருமுறை, திரும்ப வரும். 657, 709, 761 மூன்றும் பொருந்தும். இந்த அரசன் ஆண்டது 681 முதல் 742 வரை என்பதால் 709ஐ எடுக்கிறோம். ஒரு தொடக்க நாளிலிருந்து கடந்த நாட்களை எண்ணும் நீள்கணக்கில் அது 9.13.17.15.12. கையால் போட்டுப் பாருங்கள்:

9 × 1,44,000 = 12,96,000
13 × 7,200 = 93,600
17 × 360 = 6,120
15 × 20 = 300
12 × 1 = 12

கூட்டினால் 13,96,032 நாள். சரிபார்க்க, 13ஆல் வகுத்தால் மீதி 1 வரும். தொடக்க நாளின் எண் 4, அதோடு 1 சேர்த்தால் 5. கல்லிலும் 5. இப்போது இதை நம் நாள்காட்டிக்கு மாற்ற ஒரு மாறிலியைச் சேர்க்க வேண்டும். சிலர் 5,84,283ஐப் பயன்படுத்துகிறார்கள், சிலர் 5,84,285ஐ. இரண்டாவதைச் சேர்த்து கிரெகோரியன் நாள்காட்டியில் எழுதினால் 709 அக்டோபர் 28. முதலாவதைச் சேர்த்தால் அக்டோபர் 26. இரண்டாவதையே ஜூலியன் நாள்காட்டியில் எழுதினால் அக்டோபர் 24. ஒரே கல்லுக்கு மூன்று புத்தகத்தில் மூன்று தேதி இருந்தால் யாரும் தவறிழைக்கவில்லை; எந்த மாறிலி, எந்த நாள்காட்டி என்று எழுதாமல் விட்டதுதான் குறை. உங்கள் குறிப்பில் இரண்டையும் எழுதிவிடுங்கள்.

பக்கத்தில் 25ஆம் லிண்டல். அதே அரசி, முன்னால் எழும் பாம்பு, பாம்பின் வாயில் ஒரு வீரன். அதன் எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறிச் செதுக்கப்பட்டவை. படத்தை யாரோ திருப்பிப் போட்டுவிட்டார்கள் என்று “திருத்திவிட” வேண்டாம். மூன்றாவதான 26ஆம் லிண்டல் மெக்ஸிகோ நகரத் தேசிய மானுடவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூன்று வாசல்களையும் ஒன்றாகப் படிக்க நினைப்பவர் இரண்டு கண்டத்துக்குப் போயாக வேண்டும்.

எல்லா லிண்டலும் கல்லில் அமையவில்லை. குவாத்தமாலாவின் திக்காலில் அவை மரம். நான்காம் கோயிலின் செதுக்கிய மரங்கள் 1877இல் குஸ்தாவ் பெர்னூலி என்பவரால் எடுக்கப்பட்டு சுவிட்சர்லாந்தின் பாசல் நகர மியூசியத்துக்குப் போயின. என்ன மரம் தெரியுமா? சப்போட்டா. நம் தோட்டத்தில் காய்க்கிற அதே மரம். பெயர்கூட ஆஸ்டெக் மக்கள் பேசிய நாவாட்டல் மொழியின் “ட்சபோட்டில்” ஸ்பானிய வாய்வழி மாறி நம்மிடம் வந்தது. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு மேலாகியும் கோயில் வாசலில் இற்றுப்போகாமல் நின்றிருக்கிறது என்றால் அதன் வைரம் எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள்.

நாள் 4. லண்டன், 24ஆம் அறை

பளிங்கு மண்டையோடு (மார்பிள் இல்லை, கண்ணாடிபோன்ற படிகக் கல்). 1897இல் நியூயார்க்கின் டிஃபனி நிறுவனத்திடம் வாங்கியது. அதற்கு முன் யூஜின் போபான் என்ற பிரெஞ்சு வணிகரின் கையில் இருந்தது. பழைய மெக்ஸிகோவின் பொருள் என்றே நெடுங்காலம் நம்பினார்கள். இப்போது மியூசியமே அதை 19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய வேலை என்று எழுதி வைத்திருக்கிறது. உண்மையான பொருளைப் பார்ப்பதைவிட இங்கே கற்றுக்கொள்ள அதிகம் இருக்கிறது, ஏனென்றால் நிரூபித்த முறை ஒவ்வொரு படியாகத் தெரிகிறது.

முதலில் கருவித் தடம். பல் மருத்துவர்கள் அச்செடுப்பது போன்ற சிலிக்கோன் பசையைப் பற்களின் கோடுகளில் அழுத்தி அச்செடுத்தார்கள். பொருளுக்குச் சேதம் இல்லை. அந்த அச்சை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது கோடுகள் நேராக, இணையாக, ஒரே சீராக ஓடின: சுழலும் சக்கரத்தின் தடம். ஸ்பானியர் வருவதற்கு முன் மெசோஅமெரிக்காவின் கல் தச்சர்களிடம் அந்தச் சக்கரம் இருந்ததற்குச் சான்று கிடையாது. அவர்கள் கல், மரம், எலும்பு, மணல் கொண்டு கையால் தேய்த்தார்கள். ஒப்பிடுவதற்கு ஓஹாகாவின் மாண்டே அல்பான் 7ஆம் கல்லறையில் முறையாக அகழ்ந்தெடுத்த பளிங்குக் கோப்பையைப் பயன்படுத்தினார்கள். இரண்டாவது, கல்லுக்குள் பச்சை நிறத்தில் சிக்கியிருக்கும் குளோரைட் என்ற கனிமத்தின் இழைகள். பிரேசில், மடகாஸ்கர் போன்ற இடத்துப் பளிங்கைக் காட்டின. வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு 1992இல் தபாலில் வந்த இன்னொரு மண்டையோட்டில் சிலிக்கான் கார்பைடு துகளே கிடைத்தது. அது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் செயற்கையாகத் தயாரிக்கத் தொடங்கிய அரைபொருள். இரண்டின் முடிவுகளும் 2008இல் சேர்ந்து வெளியாகின.

சுடுமண் பொருளுக்கு வேறு சோதனை: வெப்ப ஒளிர்வு. அடியில் யாருக்கும் தெரியாத இடத்தில் சிறிது பொடி எடுத்துச் சூடாக்கி, கடைசியாகச் சுட்டது எப்போது என்று கணக்கிடுவார்கள். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பொருளை முன்பே எக்ஸ்ரேயிலோ சிடி ஸ்கேனிலோ வைத்திருந்தால் அந்தக் கதிர்வீச்சும் களிமண்ணில் சேர்ந்துவிடும், பொருள் தன் வயதைவிடப் பழையதாகத் தெரியும். பொடி எடுப்பது முதலில், எக்ஸ்ரே பிறகு. பழைய கோப்பில் எக்ஸ்ரே படம் இருக்கிறதா என்று கேட்காமல் சோதனை முடிவைப் படிக்கக் கூடாது.

நாள் 5. ஆக்ஸ்போர்டு

லண்டனிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். போட்லியன் நூலகத்தில் இருக்கும் மென்டோசா ஏட்டுக்காக வந்தோம். 1541ஐ ஒட்டி மெக்ஸிகோவில், ஐரோப்பியக் காகிதத்தில், உள்ளூர் ஓவியர்கள் வரைந்து ஸ்பானியக் குறிப்பு எழுதிய ஏடு. 71 தாள். மூலத்தை மேசைக்குக் கேட்பது பெரும்பாலும் நடக்காது, நூலகத்தின் இணையப்படி அத்தனை துல்லியம். முதல் நாள் பார்த்த டர்காய்ஸின் வரவுசெலவு இதில் இருக்கிறது: 40ஆம் தாளின் முன்பக்கத்தில் யோவால்டெபெக் மாகாணம் செலுத்த வேண்டிய திறைப் பட்டியல். பத்து டர்காய்ஸ் முகமூடி. லண்டன் பெட்டியில் தனியாகக் கிடக்கும் முகமூடி, இங்கே ஒரு வரிக் கணக்கின் பத்தில் ஒன்றாகிறது. அந்த முகமூடியேதான் இது என்று யாரும் சொல்ல முடியாது; ஆனால் எந்த ஊர்களின் உழைப்பு எந்தத் தலைநகருக்குப் போனது என்று தெரிகிறது. எண்ணைப் படிக்கும் முறை எளிது: கொடி 20, இறகு போன்ற குறி 400, பை 8,000.

இந்த ஏட்டின் பயணத்தையும் அதன் தாள்களிலேயே படிக்கலாம். பிரெஞ்சுக்காரர் ஆந்த்ரே தெவே தன் பெயரை ஐந்து இடத்தில் எழுதியிருக்கிறார், இரண்டில் 1553 என்று ஆண்டும். பிறகு ரிச்சர்ட் ஹக்லூட், சாமுவேல் பர்ச்சஸ், ஜான் செல்டன் என்று கைமாறி 1659இல் நூலகத்துக்கு வந்தது.

செல்டன் பெயரிலேயே இன்னொரு ஏடு, மிஷ்டெக் மக்களுடையது. சுமார் 5 மீட்டர் நீள மான்தோல், மேலே வெள்ளைப் பூச்சு. பூச்சுக்கு அடியில் பழைய ஓவியம் இருக்கலாம் என்ற சந்தேகம் 1950களிலிருந்து உண்டு. எக்ஸ்ரே உதவவில்லை, ஏனென்றால் அந்த வண்ணங்கள் தாவரப் பொருள், எக்ஸ்ரேயைத் தடுப்பதில்லை. பல அலைநீளங்களில் படமெடுக்கும் ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் கருவியால்தான் பின்பக்கத்தின் அடியில் வரிசையாக மனித உருவங்கள் இருப்பது 2016இல் வெளிச்சத்துக்கு வந்தது.

நாள் 6. டிரெஸ்டனுக்கு முன்

பயண நாள். ஜெர்மனி போவதற்குள், மாயா எழுத்தில் எழுதிய டிரெஸ்டன் ஏட்டின் படங்களை, அதை வைத்திருக்கும் சாக்ஸன் மாநில நூலகத்தின் தளத்திலிருந்து இறக்கி அச்செடுத்து, விசிறி மடிப்பாக ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். அச்செடுக்கும்போது பக்க எண் வரிசையில் ஒட்டிவிடாதீர்கள். 1825, 26இல் அகொஸ்தினோ அல்யோ என்ற ஓவியர் நகலெடுத்தபோது ஏட்டை இரண்டு துண்டாக வைத்து எண் போட்டார், இரண்டாம் துண்டின் பக்கங்கள் புரண்டன. சரியான வாசிப்பு: 1 முதல் 24 வரை, அங்கிருந்து 46க்குத் தாவி 74 வரை, பிறகு 25 முதல் 45 வரை. 24க்கு அடுத்து 25 என்று ஒட்டினால், வெள்ளிக் கோளின் முன்னுரை ஒரு மூலையிலும் அட்டவணை இன்னொரு மூலையிலும் கிடக்கும்.

நாள் 7. டிரெஸ்டன்

மங்கிய வெளிச்சம், கண்ணாடிக்கு நடுவில் ஏடு. 39 தாள், 78 பக்கம், அதில் நான்கு வெற்று. விரித்தால் 3.56 மீட்டர். ஒரு தாள் ஒரு சாண் உயரம், நான்கு விரலுக்குச் சற்று மேல் அகலம். அத்தி வகை மரத்தின் பட்டையை அடித்துச் செய்த காகிதம், அதன்மேல் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு, அதன்மேல் மயிரிழைத் தூரிகை. லென்ஸில் பார்க்கும்போது தெய்வங்களின் கண்விளிம்புக் கோடு ஒரே இழுப்பில் போயிருப்பது தெரியும். கை நடுங்கிய இடம் கண்ணில் படவில்லை.

1739இல் நூலகர் யோஹான் கிறிஸ்தியான் கோட்சே வியன்னாவில் ஒரு தனியாரிடம் வாங்கியது இது. 1945 பிப்ரவரிக் குண்டுவீச்சில் தண்ணீர் புகுந்தது. உலர்த்தித் திரும்பக் கண்ணாடியில் வைத்தபோது சில தாள்கள் இடம் மாறின, ஆகவே பெட்டியில் இன்று காணும் வரிசையும் மூல வரிசை இல்லை. தண்ணீர் படும் முன்பு, 1880இல் எர்ன்ஸ்ட் ஃபோர்ஸ்டமான் வெளியிட்ட நகல் அதனால்தான் விலைமதிப்பற்றது. இன்று கரைந்துபோன மூலைகளை அதில் படிக்கலாம். மூலத்தின் எதிரில் நின்றுகொண்டே நகலைப் பார்த்துத்தான் சில எழுத்துகளை வாசிக்க முடிகிறது.

24ஆம் பக்கத்தையும் 46 முதல் 50 வரையும் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக் கோளின் அட்டவணை. புள்ளி 1, கோடு 5, சிப்பி 0. எண்கள் மேலிருந்து கீழாக, கடைசிப் படி ஒன்றுகள், அடுத்தது இருபதுகள், அதற்கு மேல் 360கள். பக்கத்தின் அடியில் சிவப்பில் நான்கு எண்: 11.16, 4.10, 12.10, 0.8. மாற்றினால் 236, 90, 250, 8. விடிவெள்ளியாக 236 நாள், மறைவு 90, மாலை வெள்ளியாக 250, மறைவு 8. கூட்டினால் 584. ஐந்து சுற்று 2,920 நாள், அதாவது 365 நாள் ஆண்டில் சரியாக எட்டு. ஏட்டில் இது 8.2.0. ஐந்து பக்கங்களுக்கு ஐந்து சுற்று. அந்தத் தொகுதியை 13 முறை வாசித்தால் 65 சுற்று, 37,960 நாள். இதுவே 18,980இன் இரு மடங்கு, மூன்றாம் நாள் லிண்டலில் பார்த்த அதே சுழற்சி.

வெள்ளியின் உண்மைச் சராசரிச் சுற்று 583.92 நாள். 65 சுற்றில் ஐந்து நாளுக்குச் சற்று மேல் பிசகும். மாயா கணியர்களுக்கு அது தெரிந்திருந்தது, நாட்களைக் கழித்துத் திருத்தும் எண்கள் 24ஆம் பக்கத்திலேயே இருக்கின்றன. கண்ணால் பார்த்து, தலைமுறை தலைமுறையாகக் குறித்து வைத்தவர்களால்தான் இந்தத் திருத்தத்தைச் செய்ய முடியும். இந்தப் பக்கத்தின் எதிரில் நிற்கும்போது பேச்சு வரவில்லை.

51 முதல் 58 வரை கிரகண அட்டவணை: 405 நிலவு மாதம், 11,960 நாள். ஏட்டில் 1.13.4.0. அது 260இன் 46 மடங்கு. இதையும் கையால் போட்டுப் பார்த்துவிட்டே பெட்டியை விட்டு நகர வேண்டும். எண்களைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். புள்ளி நான்குக்கு மேல் வராது. ஐந்து வந்தால் எண்ணியதில் எங்கோ பிழை.

நாள் 8. வியன்னா

வெல்ட்மியூசியத்தின் இறகுக் கிரீடம். உயரம் 116 சென்டிமீட்டர், அகலம் 175. கெட்சால் பறவையின் பச்சை வால் இறகுகள், நடுவில் நீலம், இளஞ்சிவப்பு, செம்பழுப்பு வரிசைகள், பொன் தகடுகள். ஆஸ்டெக் அரசன் இரண்டாம் மொக்டெசுமாவின் கிரீடம் என்று எங்கும் சொல்வார்கள், அவருடையதுதான் என்பதற்குச் சான்று இல்லை. நிச்சயமான முதல் பதிவு 1596இல், திரோல் நாட்டு ஃபெர்டினாண்டின் அம்ப்ராஸ் மாளிகைப் பொருள் பட்டியலில். அங்கே அதை “மூர்களின் தொப்பி” என்று எழுதியிருக்கிறார்கள். அந்தப் பட்டியல் சொல்லும் பொன் அலகு இப்போது இல்லை.

இங்கே பார்க்க வேண்டியது 1878. ஹோக்ஸ்டெட்டர் மேற்பார்வையில் அந்த ஆண்டு செப்பனிட்டபோது இதைப் போர்க்கொடி என்று கருதித் தட்டையாக விரித்தார்கள். உதிர்ந்த நீல இறகுகளின் இடத்தில் மீன்கொத்தி இறகு வைத்தார்கள், காணாமல்போன பொன் தகடுகளுக்குப் பொன்முலாம் பூசிய பித்தளை. நீலத்தைக் குறித்துக்கொள்ளும் ஒருவர், தான் பார்ப்பது மெக்ஸிகோவின் கொட்டிங்கா என்ற நீலப் பறவையின் இறகா, 1878இன் மீன்கொத்தியா என்று ஒவ்வொரு பட்டைக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். ஒளியின் கோணத்தை மாற்றி நகர்ந்து பார்த்தால் இரண்டின் மினுக்கமும் வேறுபடுகிறது.

2010 முதல் 2012 வரை ஆஸ்திரிய, மெக்ஸிகோ வல்லுநர்கள் சேர்ந்து ஆராய்ந்தபோது, அதிர்வுதான் பெரிய எதிரி என்று தெரிந்தது. இறகின் தண்டு உலர்ந்து நொறுங்கும் நிலை. லாரியோ விமானமோ தரும் நடுக்கத்தை அது தாங்காது. அதிர்வை உறிஞ்சும்படி அமைத்த பெட்டியில் சாய்வாகக் கிடத்தியிருக்கிறார்கள். மெக்ஸிகோ திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறது, அந்த நியாயம் பெரியது, தண்டின் நிலையும் உண்மை.

இதன் பின்பக்கத்தைப் பார்வையாளர் பார்க்க முடியாது. முடிச்சுகளும் வலைநூலும் குச்சிச் சட்டமும் அங்கேதான் இருக்கின்றன. அந்த ஆய்வுக் குழு எடுத்த பின்பக்கப் படங்களைக் கேட்டு எழுதிய கடிதம் இன்று மாலை அனுப்பப்பட்டது. அதில் பதிவு எண்ணும், பார்க்க வேண்டிய பட்டைகளின் பட்டியலும், இடமிருந்து மூன்றாம் பிறைத் தகட்டின் தையல் குறித்த கேள்வியும் இருக்கின்றன.